எதிரே வந்தவள்

எங்கள் மோட்டார் கொட்டகைக்குக் கூரையாக ஒரு பிளெக்ஸ் விரித்துக் கட்டியிருக்கிறது. வெள்ளைப் பக்கம் வானத்தைப் பார்த்திருக்கும், அச்சடித்த பக்கம் தரையைப் பார்த்திருக்கும். மோட்டார் போட உள்ளே போய்த் தலையை நிமிர்த்தினால் மேலே நான் சிரித்துக்கொண்டிருப்பேன். பதினேழு வயது. ரெட்டைச் சடை, பள்ளிக்கூடச் சீருடை, முகத்தில் ஒரு விரற்கடை பவுடர். பக்கத்தில் என் தலையைவிடப் பெரிய எழுத்தில் 417. அதன் கீழே, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வெற்றி பெற்ற எங்கள் செல்ல மகளுக்கு வாழ்த்துகள், இப்படிக்கு அப்பா அம்மா.

அந்த மார்க் பொய்யில்லை. வெற்றிதான் பொய். ஊருக்குப் போகும்போது மோட்டார் போட்டுவிட்டு வரச் சொன்னால், குனிந்த தலை நிமிராமல் பட்டனை அழுத்திவிட்டு ஓடி வந்துவிடுவேன். செத்தவர்கள்தான் பேயாக வருவார்கள் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ தெரியவில்லை. உயிரோடு இருக்கிறவளின் பதினேழு வயது முகமே அவளைப் பிடித்துக்கொள்ளும். என்னைப் பிடித்திருக்கிறது.

எங்கள் ஊர் முகையூர் பக்கம். சொந்த நிலம், போர் தண்ணீர், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கொஞ்சம் கரும்பும். அப்பா எட்டாவது வரை படித்தவர். அம்மா ஐந்தாவதோடு நின்றவள். நான் ஒரே பெண். நான் காலேஜுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த விஷயமில்லை. மழை வந்தால் விதைப்பது மாதிரி அது நடக்கும் என்றுதான் மூன்று பேரும் இருந்தோம்.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது என்னை எதிரே வரச் சொல்வார். விதை வாங்கப் போனாலும் சரி, மாடு பிடிக்கப் போனாலும் சரி, சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்படியில் நின்று, “கண்ணு, எதிர வா” என்பார். நான் தெருக் குழாய்க்குப் போய்க் குடம் நிறையப் பிடித்து, இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்து நடந்து வர வேண்டும். அவர் அப்போதுதான் படி இறங்குவார். என்னைக் கடக்கும்போது குடத்துத் தண்ணீரில் விரலை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஐந்து வயதில் சொம்போடு ஆரம்பித்தேன். என் பெண் எதிரே வந்து போன காரியம் ஒன்றுகூட வீணாய்ப் போனதில்லை என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பார். நான் எதிரே வந்து அனுப்பிய ஒரு நாளில்தான் நொண்டி மாடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார். மாட்டுக்காரன்தான் திருடன் என்பார்.

ரிசல்ட் வந்த அன்றைக்குக் காலையில் நாங்கள் மூன்று பேரும் அடுப்பங்கரையில் இருந்தோம். வீட்டில் போன் ஒன்றுதான், அப்பாவுடையது. மெசேஜ் வந்த சத்தம் கேட்டதும் அவர் எனக்கு முன்னால் எடுத்துவிட்டார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர், எண் என்றால் கணக்குப்பிள்ளை தோற்றுப்போவான். ஒவ்வொரு பாடமாக விரல் வைத்துப் படித்தார். தமிழ் எண்பத்திரண்டு. இங்கிலீஷ் அறுபத்தெட்டு. கணக்கு எழுபத்தொன்று. பிசிக்ஸ் நாற்பத்து நான்கு. வேதியியல் எழுபத்திரண்டு. உயிரியல் எண்பது. “முப்பத்தஞ்சுக்குக் கீழ ஒண்ணுகூட இல்ல” என்று சொல்லி அம்மாவைப் பார்த்தார். அம்மா கையிலிருந்த கரண்டியோடு கும்பிட்டாள்.

நான் போனை வாங்கிப் பார்த்தேன். பிசிக்ஸ் வரிசையில் மூன்று எண்கள் இருந்தன. எழுத்துத் தேர்வு 14. செய்முறை 30. மொத்தம் 44. அதன் பக்கத்தில் எஃப் என்று ஓர் இங்கிலீஷ் எழுத்து. அப்பா கடைசி எண்ணை மட்டும் பார்த்திருக்கிறார், எழுத்தைப் பார்க்கவில்லை.

சயின்ஸ் குரூப் எடுத்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். மொத்தம் முப்பத்தைந்து வாங்கினால் போதாது. எழுத்துத் தேர்வில் தனியாகப் பதினைந்து வாங்கியிருக்க வேண்டும். பதினான்கு என்றால் செய்முறையில் முழு மார்க் வாங்கினாலும் ஃபெயில்தான். ஒரு மார்க். நான் அந்த எண்ணைப் பார்த்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு புரிந்தது, லேசாகச் சந்தேகம் வந்தது என்றெல்லாம் கதை விட மாட்டேன். அந்த நொடியிலேயே தெரிந்தது.

வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா பீரோவைத் திறந்து வெள்ளைச் சட்டையை எடுத்துவிட்டார். விழுப்புரம் போய் பிளெக்ஸ் அடித்துக்கொண்டு வரப்போகிறாராம். மூன்று தெரு தள்ளி ஒரு பையனுக்குப் போன வருஷம் பத்தாவதுக்கே பிளெக்ஸ் வைத்தார்கள். அதை அப்பா போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்ததை நானும் பார்த்திருக்கிறேன். “ஜல்தியா போனாதான் ஆவும், இன்னிக்கு எல்லாப் பயலும் அங்கதான் நிப்பான்” என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டார். அம்மா சிரித்துக்கொண்டே அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள். அம்மா அப்பாவைத் தொட்டுச் சிரித்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிறகு அவர் வாசல்படியில் வந்து நின்றார். “கண்ணு, எதிர வா.”

குழாயடிக்குப் போனேன். குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிஷம்? அந்த இரண்டு நிமிஷமும் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்றுதான் நின்றேன். குடம் நிறைந்து வழிந்தது. தூக்கி இடுப்பில் வைத்தேன். தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கண் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்து நடந்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவர் படி இறங்கி வந்து, விரலை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் தலையில் கை வைத்துவிட்டு, பஸ் பிடிக்கப் போனார்.

பஸ் வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. ஓடிப்போய்க்கூடச் சொல்லியிருக்கலாம். நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அம்மா தட்டில் சர்க்கரையை எடுத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போனாள். அவள் குரல் ஒவ்வொரு வாசலிலும் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டேன்.

அப்பா மதியத்துக்கு மேல் வந்தார். தோளில் பிளெக்ஸ் சுருள். வந்தவர் அதைச் சுவரோரம் சாத்திவிட்டு உட்கார்ந்தார். சட்டை முழுக்க வேர்வை. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில், பிளெக்ஸை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது எங்கள் வகுப்பு டீச்சர் போன் செய்திருக்கிறார். ஒரு பாடம் போய்விட்டது, பயப்பட வேண்டாம், துணைத் தேர்வுக்கு இந்த வாரமே விண்ணப்பம் போட வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள் என்று பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பதினைந்து மார்க் விதியையும் அவர்தான் விளக்கியிருக்கிறார்.

அப்பா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பிழைத்துப்போயிருப்பேன். அவர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“உனக்கும் தெர்ல, எனக்கும் தெர்ல. ரெண்டு பேரும் ஏமாந்துட்டோம். வுடு கண்ணு.”

எனக்கு அழுகை வந்தது. ஃபெயிலுக்காக அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார். அன்றைக்கும் சொல்லவில்லை. காலையில் சொல்ல முடியாதவள், அந்தக் கை முதுகில் இருக்கும்போது எப்படிச் சொல்வேன்?

அதற்குப் பிறகு எங்கள் வீடு இழவு வீடு மாதிரிதான் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் யானைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணியிருந்தால் பிசிக்ஸில் அந்த ஒரு மார்க் தேறியிருக்கும். யானைக்குச் சறுக்கினால் ஊர் கூடி வந்து வேடிக்கை பார்க்கிறதா? அம்மா வயலுக்கு அடிக்கும் மருந்து டப்பாக்களை எல்லாம் சாக்கில் கட்டி மாமா வீட்டுக்கு அனுப்பினாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் செய்தாள். கிணற்றுப் பக்கம் போனால் பின்னாலேயே வந்தாள். கொல்லைக்குப் போனால் செருமிக்கொண்டு வெளியே நின்றாள். எனக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லையம்மா என்று ஒருநாள் கத்திவிட்டேன். தெரியும் தெரியும் என்று சொல்லிவிட்டு அடுத்த முறையும் வந்து நின்றாள். நான் உயிரோடு இருப்பதை அவள் நிமிஷத்துக்கு ஒரு முறை சரிபார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பார்க்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

விடைத்தாள் நகல் கேட்டு வாங்கினேன். ஒரு மார்க் கேள்வி ஒன்றில் சரியான பதிலை முதலில் எழுதி, பிறகு அடித்துவிட்டுத் தப்பானதை எழுதியிருந்தேன். என் கையெழுத்து, என் பேனா, நானே போட்ட கோடு. அடித்த கோட்டுக்கு அடியில் சரியான விடை நன்றாகத் தெரிந்தது. அந்தப் பக்கத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று சொன்னால் வெட்கக்கேடு.

அந்த மாத அமாவாசைக்கு அம்மா என்னை மேல்மலையனூர் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காற்று பட்டிருக்கிறது, இல்லாவிட்டால் ஒரு மார்க்கில் போகுமா என்பது அவள் கட்சி. அப்பா பஸ் ஏற்றிவிட்டார். கூட்டமென்றால் கூட்டம், எள் போட்டால் எள் விழாது. வெயிலில் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு பெண் தலையை விரித்துப்போட்டு ஆடிக்கொண்டிருந்தாள், அவள் புருஷன் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவளுக்குள் என்ன இருந்ததோ, அது வெளியே வந்து பேசிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்குள் இருப்பதும் இப்படி வெளியே வந்து தானாகப் பேசித் தொலைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

குங்குமம் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, ஒரு பந்தல் நிழலில் அம்மா எலுமிச்சம்பழத்தை என் முந்தானையில் முடிந்துகொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். காற்றும் இல்லை கருப்பும் இல்லை, அன்றைக்குக் காலையிலேயே எனக்குத் தெரியும், தெரிந்துதான் குடத்தோடு எதிரே வந்தேன் என்று.

அம்மாவின் கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை. முடிச்சைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், ஏன் சொல்லவில்லை என்று. அவர் சந்தோஷமாக இருந்தார் என்றேன். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. இன்றைக்கும் இல்லை.

அம்மா முடிச்சை இறுக்கினாள். “அவுருகிட்ட சொல்லிப்புடாத. நீ பெயிலானத தாங்கிக்கினாரு. எதிர வந்தத தாங்க மாட்டாரு.”

அன்றிலிருந்து அது எங்கள் இரண்டு பேருடையதும் ஆயிற்று. பாதியாகக் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. அம்மா முகத்திலும் அதைப் பார்க்க வேண்டியதாயிற்று.

துணைத் தேர்வு விழுப்புரத்தில். என் வரிசையில் தாலியோடு ஒரு பெண், எனக்குப் பின்னால் மீசை வைத்த ஆள் ஒருவர். அந்தப் பெண்ணின் குழந்தை அவள் அம்மாவிடம் வெளியே வேப்பமரத்தடியில் அழுதுகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை அது அழும்போதும் இவள் பேனா நிற்கும். யாரும் யாரையும் என்ன ஏது என்று கேட்கவில்லை. எனக்குப் புதுப் பதிவு எண். பழைய எண் மனப்பாடமாக இருந்ததால் முதல் பக்கத்தில் அதையே எழுதப்போய், கண்காணிப்பாளர் பார்த்து நிறுத்தினார். ஒரு விடையைக்கூட அடிக்கவில்லை. சந்தேகம் வந்தாலும் அடிக்கவில்லை. கையை இறுக்கிக்கொண்டு எழுதினேன்.

அந்தத் தேர்வுக்குப் போன காலையில் நானும் அப்பாவும் ஒன்றாகக் கிளம்பியதால் நான் எதிரே வர வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால், விண்ணப்பம் போட அவர் மட்டும் பள்ளிக்கூடத்துக்குப் போன நாளில், மறுபடியும் படியில் நின்று எதிர வா என்றார். பக்கத்து வீட்டுச் சித்தி ஜாடையாக, அதான் போன தடவை பார்த்தாச்சே என்றாள். அப்பாவுக்குக் கோபம் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. என் பெண் எதிரே வந்தால்தான் நான் தெருவில் காலை வைப்பேன், பார்க்கப் பிடிக்காதவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளட்டும் என்று தெரு கேட்கச் சொன்னார். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தண்ணீர் கனத்தைவிட அவர் பார்வை கனமாக இருந்தது. அந்த வருஷம் முழுக்க அப்படித்தான். விதைக்கு, உரத்துக்கு, பம்பு செட் ரிப்பேருக்கு. முன்பு மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டவர், எனக்காகவே வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டார். என் மனசு நோகக் கூடாதாம். நோகாமல் இருக்க அவர் செய்தது ஒவ்வொன்றும் குத்தியது.

ஆடியில் ரிசல்ட் வந்தது. பிசிக்ஸில் அறுபத்தேழு. எழுத்துத் தேர்வில் மட்டும் முப்பத்தேழு. அப்பா மூன்று எண்ணையும் விரல் வைத்துப் படித்தார், பக்கத்திலிருந்த எழுத்தையும் படித்தார். பிளெக்ஸ் பேச்சை யாரும் எடுக்கவில்லை. விழுப்புரம் அரசுக் கல்லூரிக்குப் போனால் எல்லா இடமும் நிரம்பிவிட்டது. வகுப்பு ஆரம்பித்து நடந்துகொண்டிருந்தது. என்னோடு படித்தவள் ஒருத்தி புது சுடிதாரில் மாடியிலிருந்து கையாட்டினாள். அடுத்த வருஷம் போடுங்கள் என்றார்கள். அப்பா அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த எல்லாத் தாளையும் மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுத்தான் வந்தார்.

அந்த ஒரு வருஷம் நான் வீட்டில் இருந்தேன். களை எடுத்தேன், மல்லாட்டை பிடுங்கினேன், கேப்பைக் கூழ் கிண்டினேன். ஊருக்குள் இரண்டு ஜாதகம் வந்தது, அப்பா திருப்பி அனுப்பினார்.

பிளெக்ஸை எரிக்க யாருக்கும் மனசு வரவில்லை. பெற்ற பெண் படத்தை எப்படி எரிப்பது? எங்கள் பக்கத்தில் பிளெக்ஸ் என்றால் தார்ப்பாய்க்குத் தம்பி. கல்யாணத்துக்கு வைத்ததும் கட்சிக்காரன் வைத்ததும் காரியம் முடிந்ததும் மாட்டுக் கொட்டகைக்கோ வைக்கோல் போருக்கோ வந்துவிடும். ஐப்பசியில் மல்லாட்டை பிடுங்கிக் களத்தில் குவித்திருந்தபோது மழை இருட்டிக்கொண்டு வந்தது. அப்பா கைக்கு அகப்பட்டதையெல்லாம் இழுத்துப் போட்டு மூடினார். அதில் அதுவும் வந்துவிட்டது. குவியலின் மேல் நான் மல்லாந்து கிடந்தேன். கீழே எழுத்திருந்த பகுதியையும் பக்கத்தில் மார்க் இருந்த பகுதியையும் மடித்துக் கல் வைத்திருந்ததால் முகம் மட்டும் தெரிந்தது.

மறுநாள் மல்லாட்டை பார்க்க வியாபாரி ஒருவர் வந்தார். வெளியூர்க்காரர். நான் களத்து ஓரத்தில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கொடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் குவியலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“பாவம், சின்னப் பொண்ணு. எப்பங்க செத்துச்சு?”

எங்கள் ஊர்களில் முகம் மட்டும் போட்ட பிளெக்ஸ் என்றால் பாதி அதற்குத்தான். அவர் மேல் தப்பில்லை. அப்பா என் பக்கம் கை காட்டினார்.

“சாவலிங்க. அதோ குந்திக்கினு காய் ஆயுது பாருங்க. அடுத்த வருஷம் காலேஜி போவும்.”

அந்த ஆள் நாக்கைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவர் போனதும் அப்பா கல்லையெல்லாம் எடுத்து, பிளெக்ஸைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி போட்டார். பிறகு மோட்டார் கொட்டகைக்குக் கூரையாகக் கட்டியபோதும் அது அப்படியேதான் போனது. ஆனால் திருப்பும்போது ஓர் ஓரத்தை நானும் பிடித்தேன். அப்பா அந்த முகத்தைக் கையால் துடைத்தார். மண்ணைத் துடைப்பதுபோல் இல்லை. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இவள் வேறொருத்தி. மார்ச்சில் எழுதி மே மாதம் பாஸ் செய்தவள். ஒரு பகல் பொழுது அப்பாவுக்கு மகளாக இருந்துவிட்டுப் போனவள். செத்தது அவள்தான். அவளை நான் குடத்தோடு எதிரே போய் வரவேற்றேன்.

அடுத்த மே மாதம் மறுபடியும் விண்ணப்பித்தேன். முகையூரில் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, விழுப்புரம் ஒன்று, திண்டிவனம் ஒன்று. எத்தனையாவது முயற்சியில் தேர்ச்சி என்று ஒரு கட்டம் இருந்தது. டைப் செய்கிறவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரெண்டு போடு என்றேன். விழுப்புரத்தில் என் ரேங்க் வருவதற்குள் இடம் முடிந்துவிட்டது. திண்டிவனத்தில் கலந்தாய்வுக்குக் கூப்பிட்டார்கள்.

அன்றைக்கு நான் கூடப் போவதால் அம்மாதான் குடத்தோடு எதிரே வந்தாள். விழுப்புரம் போய், அங்கிருந்து திண்டிவனம் பஸ். அப்பா போன வருஷத்து வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். பிளாஸ்டிக் பையில் சான்றிதழ்களை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது இடித்தால் முறைத்தார்.

காமர்ஸ் கேட்டேன், இல்லை. கம்ப்யூட்டர் கேட்டேன், போயே போச்சு. கடைசியில் மீதி இருந்தது பிசிக்ஸ். எவளும் எடுக்காத பிசிக்ஸ். எந்தச் சனி என்னை ஒரு வருஷம் ஆட்டிவைத்ததோ அதுவே கதவைத் திறந்து வா என்றது. சரி என்றேன். அப்பா முகத்தைப் பார்த்தேன். அவருக்கு எந்தப் பாடமானாலும் காலேஜ்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

சான்றிதழ் சரிபார்க்கிற மேசையில் ஒரு மேடம். நல்ல மாதிரி. மதிப்பெண் பட்டியலில் ஐந்து பாடத்துக்கு நேராக மார்ச் என்றும் ஒன்றுக்கு நேராக ஜூன் என்றும் இருந்தது. முதல் முறை வந்த பட்டியலையும் வாங்கிப் பார்த்தார். அடடா, பதினாலா, ஒரு மார்க்கா என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். அப்பா உடனே முன்னால் வந்தார். அவர் ஊரெல்லாம் சொல்லிப் பழகிய கதைதான். நாற்பத்து நான்கைப் பார்த்து பாஸ் என்று நினைத்துவிட்டோம், அந்தப் பதினைந்து விஷயம் எங்களுக்கு எப்படித் தெரியும், என் பெண்ணுக்கே தெரியாது மேடம் என்றார்.

மேடம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சிரித்தார். “பசங்களுக்குத் தெரியாம எப்படிங்க? லெவன்த்ல முதல் நாளே சொல்லிடுவாங்களே. பசங்க படிக்கிறதே அந்தப் பதினஞ்ச எண்ணிக்கிட்டுத்தான்.” பிறகு என்னைப் பார்த்து, என்னம்மா என்றார்.

நான் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அப்பா, “ஓ” என்றார். பெற்றோர் கையெழுத்து போட வேண்டிய இடத்தை மேடம் காட்டினார். பேனாவை வாங்கிப் பொறுமையாக, எழுத்தெழுத்தாகத் தன் பெயரைப் போட்டார். நன்றிங்க என்று கும்பிட்டார். எல்லாச் சான்றிதழையும் வரிசையாகப் பையில் வைத்தார். பசிக்கிறதா என்று கேட்டு, ஓட்டலில் எனக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, தனக்கு டீ மட்டும் சொன்னார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அத்தனை சத்தத்திலும் நான் அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு விட்டார். விக்கிரவாண்டி தாண்டும்வரை நான் சொல்லிவிடலாம் என்று நூறு முறை நினைத்தேன். சொல்ல இன்னும் என்ன மிச்சம் இருந்தது? அவர் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“தெரிஞ்சிதான் எதிர வந்தியா?”

ஆமாம்பா என்றேன். குரல் வந்ததா என்று தெரியவில்லை, அவருக்குக் கேட்டிருக்கிறது. தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, கண்டக்டருக்கோ வேறு யாருக்கோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

“சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டனே. உன்கூடவே வூட்ல குந்திக்கினு இருந்திருப்பனே.”

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சீட் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகத்தான் சொன்னார். அம்மா என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள், உள்ளே போய்விட்டாள். மூன்று வருஷம் திண்டிவனத்தில் படித்தேன். ஹாஸ்டலில் சேர்த்தது அப்பாதான், ஒவ்வொரு செமஸ்டர் மார்க்கையும் போனில் கேட்டு எழுதிக்கொண்டதும் அப்பாதான். ஒரு குறையும் வைக்கவில்லை. இப்போது திண்டிவனத்திலேயே ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிசிக்ஸ் எடுக்கிறேன். ரிசல்ட் அன்றைக்கு எந்தப் பிள்ளை போனை நீட்டினாலும் மொத்தத்தைப் பார்க்க மாட்டேன், எழுத்துத் தேர்வின் எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். பதினைந்துக்குக் கீழே இருந்தால் அந்த இடத்திலேயே நின்று, வீட்டுக்குப் போன் செய்து பேச வைத்துவிட்டுத்தான் அனுப்புவேன். மிஸ் ரொம்பக் கறார் என்று பெயர்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா காலையில் டிராக்டர் பார்க்கக் கிளம்பினார். இத்தனை வருஷ ஆசை, ஊரே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்படியில் வந்து நின்றார். பழக்கதோஷம், நான் எழுந்து குடத்தை எடுத்துவிட்டேன். அவர் பார்த்தார். அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கிய நாளுக்குப் பிறகு அவர் ஒரு தடவைகூட என்னை எதிரே கூப்பிட்டதில்லை என்பது குடம் கையில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

“வெயிலா இருக்குது கண்ணு, உள்ள இரு” என்று சொல்லிவிட்டு, காலித் தெருவில் இறங்கி நடந்தார்.